மலைக்கட்சிக்காரி

நீ எந்தக் கட்சி என்று பிரிஸ்கில்லாவைக் கேட்டால், இன்றைக்கும் மலைக்கட்சி என்றுதான் சொல்வாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குத்புதீன் பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் 2004-ல் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே சண்டை ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. செத்துப்போன ராஜாவின் கோட்டை ஒரு கட்சி. அந்தக் கோட்டைக்கே காலமெல்லாம் கழனி உழுதுவிட்டு, அதன் வாசலுக்கு வெளியிலேயே நின்று அலுத்துப்போன மலைக்காரர்கள் எதிர்க்கட்சி. வருகிற பையன்கள் அத்தனை பேரும் கோட்டைக்குத்தான் போனார்கள். அங்கேதான் கவசம் இனாம், குதிரை இனாம். பாயின் மகன் அசீமும் அதே கும்பல்.

இவள் காவாந்தண்டலத்துக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஊரார் கழனியில் கூலி வேலை. அந்த ஆட்டத்தின் கதையை ஒரு எழுத்து விடாமல் படித்த ஒரே ஆள் இவள்தான். படித்துவிட்டு மலைக்கட்சியில் சேர்ந்தாள். சும்மா இருந்தாளா? கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்த அசீமின் குதிரைப்படையைத் துவைத்து எடுத்தாள்.

தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். அசீமுக்குத் தோற்பதே பிடித்துப்போய்விட்டது. அவன் தொழுகைக்குப் போகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு நகரவே நகராது. எங்க கட்சிக்கு வந்துடேன் பிரிஸ்கி என்பான் அவன். ஏன், நீ வரக்கூடாதா என்பாள் இவள். எதைப் பேசுகிறோம் என்று இருவருக்குமே தெரியும். வெட்கங்கெட்ட ஆசை, ஆட்டத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு அலைந்தது.

அசீமின் அம்மா தாஜுன்னிசா ஆம்பூரில் பெண் பேசி முடித்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் அவன் கடைக்கு வந்தான், ஆட்டத்தைத் திறந்தான். திரையில் அவனுடைய ஆள் கோட்டையை விட்டு வெளியே வந்து, குதிரையிலிருந்து இறங்கி, கத்தியைக் கீழே போட்டுவிட்டு, மலையடிவாரத்தில் தனியாக நின்றான். சேர்த்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று பிரிஸ்கில்லாவின் திரை அவளைக் கேட்டது.

இத்தனை நாள் அவள் ஏங்கியது இதற்குத்தானே! மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க அம்மா எதிர்ல இப்டி வந்து நிப்பியா?"

அவன் கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுல வந்துட்டேன் இல்ல?"

"இதுல வந்து இன்னா பண்றது அசீம்? நான் இதுக்கு வெளியில தானே கீறேன்."

அவள் மவுஸைப் பிடித்து அவன் ஆளைத் திருப்பி அனுப்பினாள். கட்சி மாறப் போனவனைக் கோட்டையும் உள்ளே விடவில்லை. நடுவெளியில் அவன் ஆள் நின்றுகொண்டே இருந்தான். அசீம்தான் கம்ப்யூட்டரை அணைத்தான்.

அடுத்த மாசம் அவன் கல்யாணம் நடந்தது. பிரிஸ்கில்லா இப்போது சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அன்று கேட்டது சரியான கேள்விதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பாழாய்ப்போன மனசு கேட்கிறதா? வெள்ளிக்கிழமை மத்தியானமானால் போதும், ஆட்டத்திலாவது அவனைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம் என்று கிடந்து அடித்துக்கொள்கிறது.