குண்டூசியைக் கேட்டவள்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. போதுமக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் குடும்பத்துக்கு ஒரு பார் இருந்தது, மாமனார் தொடங்கியது. கணவன் ஊற்றுவான், கொழுந்தன் அடுப்படியில் கடலை வறுப்பான், அவள் மேசைகளுக்கு நடுவே நிற்பாள். சும்மா நிற்பதில்லை. எவனுக்கு நாக்கு தடிக்கிறது, எவனுக்குக் கண் சொருகுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். ஆள் அந்தப் பதத்துக்கு வந்ததும் ஈரத்துணியால் அவன் மேசையைத் துடைத்து, கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "போதும்ணே. வீட்ல தேடுவாங்க. கிளம்புங்க" என்பாள். கிளாஸ் அவள் கைக்குப் போய்விட்டால் அப்புறம் அந்த ஆளுக்கு அங்கே தண்ணீர்கூடக் கிடையாது. கை ஓங்கிக்கொண்டு வந்தவனும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடியிருக்கிறான்.

ஜன்னலோர மேசைத் தையல்காரர் மட்டும் வாய் கொடுப்பார். கல்லாவின் மேல் குழந்தைகள் இல்லத்துக்காக ஒரு தகர உண்டியல் இருந்தது. மீதிச் சில்லறையை அதில் போட்டுவிட்டு, "நான் குடிக்கிறதே அந்தப் புள்ளைங்களுக்காகத்தான், தெரியுமில்ல?" என்று மார்தட்டுவார்.

"அப்போ ஒரு நாளு குடிக்காம மொத்தத்தையும் அதுல போடுங்கண்ணே."

"அதெல்லாம் பேராசைக்கா."

ஞாயிறு பகல் முழுக்க பார் திறக்காது. ஐஸ் கொண்டு வருகிற வண்டியிலேயே பால் கேன்களை ஏற்றிக்கொண்டு இல்லத்துக்குப் போவாள். அங்கே ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒல்லி, பேசினால் சுருக்கென்று குத்தும். போதுமக்காவின் கணவன்தான் அதற்குக் குண்டூசி என்று பெயர் வைத்தான். பிள்ளை இல்லாத வீடு. குண்டூசியை நாங்கள் வளர்க்கிறோம் என்று அவள் கேட்டபோது, குழு கூடிப் பேசித்தான் சொல்ல முடியும், அதுவரை ஞாயிறுதோறும் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுங்கள் என்றார் இல்லத்தின் தலைவரம்மா.

பாருக்கு மேலே இருக்கும் வீட்டில் ஒரு சின்னக் கட்டில் வந்தது. கட்டிலை விட குண்டூசிக்குக் கீழேதான் பிடித்தது. மேசைகளின் மேல் கவிழ்த்து வைத்த நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து புகுந்து வரும். துணியைக் கிளாஸுக்குள் திணித்து ஒரு திருகு திருகி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பழகிக்கொண்டது. "போதுமம்மா, இதுல யாரோட விரலோ இருக்கு பாருங்க." அப்படி அதுவாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டது. குடிக்க வருகிற மாமாக்களிடம் என்ன சொல்வீர்கள் என்று நச்சரிக்கும். அவளும் இடுப்பில் கை வைத்து நடித்துக் காட்டுவாள். அதில் என்ன தப்பு? அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு காலை நன்கொடை தருகிறவர்கள் இல்லத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்துப் பால் குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர்களோடு தலைவரம்மா உள்ளே நுழையவும், ஒரு குண்டுப் பையன் இரண்டாம் தடவையாகக் கிளாஸை நீட்டவும் சரியாக இருந்தது. தோளில் துணியைப் போட்டுக்கொண்டு நின்ற குண்டூசி அந்தக் கிளாஸைப் பிடுங்கியது.

"போதும்ணே. வீட்ல தேடுவாங்க. கிளம்புங்க."

பையன் தள்ளாடி எழுந்து செருப்பைத் தேடினான். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். வந்தவர்களில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?" என்றார்.

"எங்க பார்ல."

சுவரோரம் கேனோடு நின்ற போதுமக்காவின் காதில் அது விழுந்தது. எங்க பார். அந்த ஒரு சொல்லில் தன்னை மறந்து நின்றாள். தலைவரம்மாவின் கடுகடுத்த முகம் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

இரண்டு நாளில் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"வந்தவங்க முன்னாடி எங்க பாருன்னு சொல்லுது."

"விளையாட்டுங்கம்மா. கடை மூடியிருக்கிறப்பதான் வரும். ஒரு சொட்டு அது கண்ணுல பட்டதில்ல."

"இங்க இருக்கிற பாதிப் புள்ளைங்க, அப்பன் குடிச்சு அழிஞ்சதால வந்ததுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. அதனாலதான் ஆளுங்கள நேரத்தோட அனுப்பிடுறேன்."

"நீங்க அனுப்பினா அடுத்த கடைக்குப் போறான்."

இத்தனை வருஷத்தில், தான் அனுப்பியவர்கள் வாசலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

"குழு வேண்டாம்னுடுச்சு. கொழந்தகிட்ட நீங்களே சொல்லிடுங்க. பாலை மட்டும் நிறுத்திடாதீங்க, புள்ளைங்க பாவம்."

கடைக்கு வந்து சொன்னதும் கணவன் கொதித்தான். "நாம ஆகாதவங்க, நம்ம பால் மட்டும் இனிக்குதா? நிறுத்து."

"அந்தம்மாவா குடிக்குது அந்தப் பாலை?" என்றாள். பிறகு, "கடையை மூடிட்டா?" என்று கேட்டாள்.

அவன் கல்லாவில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "மூடிட்டு? எனக்கு ஊத்தத் தெரியும், தம்பிக்கு வறுக்கத் தெரியும். வேற என்ன தெரியும் எங்களுக்கு?" அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. கொழுந்தன் அடுப்படியிலிருந்து வெளியே வரவும் இல்லை. பேச்சு அத்தோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பால் கேன்களோடு போனாள். குண்டூசி தலை வாரி, பையோடு வாசலில் நின்றது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். தலைவரம்மாதான் வேண்டாம் என்றார் என்று சொல்லிவிட்டால் குண்டூசியின் வாய் சும்மா இருக்காது. அந்த அம்மாவைக் குத்திவிட்டு அதே இல்லத்தில் இன்னும் எத்தனை வருஷம் சோறு தின்ன வேண்டும் இது?

"இனிமே நீ அங்க வர வேணாம்."

"ஏன்?"

"நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"அன்னிக்குக் கிளாஸ ஒடச்சேனே, அதுக்கா?"

"இல்ல. வீட்ல இடமில்ல."

"கட்டில் இருக்கே?"

"வித்தாச்சு."

குண்டூசி அவள் முகத்தை ஒரு கிளாஸைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. அவள் முகத்தை அசைக்கவில்லை. பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் இல்லத்து வார்டனின் கையைப் பிடித்துக்கொண்டது.

"இவங்கள இங்க வர வேணாம்னு சொல்லுங்க."

அந்தக் கையை அது பிடிக்க வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். பிடித்துவிட்டது. பாலை அண்டாவில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, காலிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.

"என்னக்கா, குட்டி வரலியா?" என்றான் வண்டிக்காரன்.

"அதுக்கு என்னைப் பிடிக்கல" என்றாள். "அடுத்த வாரத்துலேர்ந்து பாலை நீயே கொண்டாந்து எறக்கிடு. வண்டிய எடு, சாயங்காலம் கடை தொறக்கணும்."