சீமாட்டிக்குத் தோண்ட அனுமதி

என் அக்கா வீட்டுக்காரரை அவர் ஆபீசில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘மூடியாச்சா’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, முதுகுக்குப் பின்னால். தெருவைத் தோண்ட அனுமதி கொடுக்கும் பிரிவில் அத்தான் இருபத்து நாலு வருடமாக எழுத்தர். தண்ணீர்க் குழாய், மின்சார வயர் என்று எவர் எதைப் புதைக்க நினைத்தாலும் அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். எங்கே தோண்டப்போகிறாய், எவ்வளவு ஆழம், எத்தனை நாள், எப்போது மூடுவாய்? இந்த நாலுக்கும் பதில் எழுதித் தராமல் ஒருவரும் கடப்பாரையைத் தொட முடியாது. வேலை முடிய வேண்டிய நாளில் அவரே போன் போட்டு, “மூடியாச்சா?” என்பார். மூடியிருந்தால் பைலின் கடைசிப் பக்கத்தில் ‘மேற்பரப்பு பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த வரியை எழுதும்போது அவர் முகத்தில் தெரிகிற திருப்தியை அவருடைய கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வீடு. அஞ்சு நிமிஷம் முன்னதாகக் கிளம்பினால் ஊரில் எவனாவது திருட்டுத்தனமாகத் தெருவைத் தோண்டிவிடுவான் என்று பயம். நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். மருந்துக் கடையில் காலை வேலை முடித்து இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். அதனால் அவருடைய நேரந்தவறாமை எனக்கு அத்துப்படி.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் ஒரு முயல் அனுமதி வாங்காமல் தோண்ட ஆரம்பித்தது.

முயல் அக்கா மகளுடையது. சாம்பல் நிறம், பெண், வயது மூன்று. நடையில் ஒரு தோரணை உண்டு என்பதால் சீமாட்டி என்று பெயர் வைத்திருந்தாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியை ஒட்டிக் கூண்டு. போன மாதம் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனாள். விடுதியில் முயலுக்கு இடமில்லை.

“அப்பா, நான் லீவுக்கு வர்ற வரைக்கும் இவ உங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“என்கிட்ட விட்டுட்ட இல்ல? கவலைப்படாத” என்றார் அத்தான்.

அவள் போன மூன்றாம் நாளே கூண்டின் பிளாஸ்டிக் தட்டில் கீறல் விழுந்தது. ஒரே வாரத்தில் ஓட்டை. சீமாட்டி முன்னங்கால் இரண்டையும் வைத்து, ஏதோ அவசர குழாய் வேலை மாதிரி, பறபறவென்று பறித்துத் தள்ளினாள். புல்லும் புழுக்கையும் செருப்புகளுக்குள் போய் விழுந்தன. ஒரு நாள் காலையில் அக்கா வேலைக்குப் போகிற அவசரத்தில் செருப்புக்குள் காலை விட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அத்தான் மட்டும் பதறவில்லை. “பிளாஸ்டிக் தாங்காது. தளம் உறுதியா இருக்கணும்” என்று சொல்லி ஒரு தகரத்தை வெட்டிக் கொண்டுவந்து கூண்டுக்குள் போட்டார்.

தகரத்தைத் தோண்ட முடியாது, உண்மை. ஆனால் தோண்டிப் பார்க்கலாம் அல்லவா? அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன்! நேர் கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் மறுநாளே மேலே வந்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“சார், மேல பட்டறை ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“முயல் சார். ஒரே ஒரு முயல்.”

“ஒரு முயல் போடுற சத்தமா அது? ரெண்டு வாரம் டைம் தரேன். ஒண்ணு அதை அனுப்புங்க, இல்ல நீங்க எல்லாரும் வேற வீடு பாருங்க.”

மகள் லீவுக்கு வர அப்போது சரியாகப் பதினேழு நாள் இருந்தது.

“பேசாம யாருக்காவது குடுத்துடலாங்க. அவகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள் அக்கா.

“என்னன்னு சொல்லுவ? ஊர்ல எல்லாரையும் கேள்வி கேக்கற உங்கப்பனுக்கு ஒரு முயலைப் பாத்துக்கத் துப்பில்லன்னா?”

அவர் கோபத்தில் பேசியது போலத்தான் இருந்தது. ஆனால் விஷயம் வேறு. அப்பாவும் மகளும் போனில் பேசுவதை நான் தினமும் கேட்கிறவள். “சாப்டியா?” “சாப்டேன்.” “படிக்கிறியா?” “படிக்கிறேன்.” அதோடு சரி, இரண்டு பக்கமும் மௌனம். அப்புறம் அவள், “சீமாட்டி எப்படி இருக்கா?” என்பாள். உடனே மனிதருக்கு உயிர் வந்துவிடும். பத்து நிமிஷம் பேசுவார். முயல் போய்விட்டால் அந்தப் பத்து நிமிஷமும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் அவர் அடுத்து செய்த கோமாளித்தனத்துக்கெல்லாம் நானும் துணை போனேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். நாள், நேரம், இடம், ஆழம், மூடிய விவரம், குறிப்பு என்று ஸ்கேல் வைத்து ஆறு கட்டம். பகலில் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

“அத்தான், நான் மருந்து விக்கிறவ. எனக்கு எதுக்கு இந்த வேலை?”

“எங்க, எப்போன்னு தெரியாம எதையும் நிறுத்த முடியாதும்மா. நீ வெறுமனே எழுது, போதும்.”

எழுதினேன். ஆழம் என்ற கட்டத்தில் ‘தகரம் வரை’ என்றும், குறிப்பில் ‘என்னை முறைத்தாள்’ என்றும் எழுதினேன். நான் கூண்டுக்கு நாலடி தள்ளித்தான் நிற்பேன். ஒரு தடவை கடித்திருக்கிறாள்.

சாயங்காலம் ஆறரைக்கு அத்தான் வந்ததும், கைகால்கூடக் கழுவாமல் மண்டி போட்டு உட்கார்ந்து, சிதறிய புல்லை எல்லாம் வாரிக் கூண்டுக்குள் போட்டு, உள்ளங்கையால் சமமாகத் தட்டிவிடுவார். சீமாட்டி ஒதுங்கி நின்று பொறுமையாகப் பார்ப்பாள். அவர் எழுந்து காபி டம்ளரைக் கையில் எடுப்பார். பறபற. மறுபடியும் மண்டி போடுவார். மறுபடியும் பறபற. தினமும் ஏழு மணிக்குள் மூன்று சுற்று நடக்கும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சிரிப்பாள்.

“ஒப்பந்தக்காரன்கூட என்னை இப்படி அலைய விட்டதில்ல” என்றார் ஒரு நாள், மூச்சு வாங்க.

“நீங்க மூடறதுனாலதான் அவ தோண்டறா அத்தான்.”

“மூடறதுக்காக எவனாவது தோண்டுவானா? தோண்டினா மூடணும். அதான் முறை.”

பிடித்த பிடியில் நின்றார். நோட்டு போட்ட பத்தாம் நாள் சீமாட்டியின் முன்னங்கால் நகம் ஒன்று ஒடிந்து ரத்தம் வந்தது. அன்றைக்குத்தான் மனிதர் ஆடிப்போனார். மறுநாள் சனிக்கிழமை. கூண்டோடு தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனோம். நோட்டையும் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் அம்மாவுக்கு அன்று நாற்பதாவது நோயாளியோ என்னவோ, அலுத்துப்போயிருந்தார். நகத்துக்கு மருந்து போட்டுவிட்டுத் தகரத்தைப் பார்த்தார். அப்புறம் அத்தானைப் பார்த்தார்.

“இதை யார் வெச்சது?”

“நான்தான். தோண்டாம இருக்கறதுக்கு.”

“முயல் தோண்டத்தான் சார் செய்யும். அது வியாதி இல்ல. தோண்ட ஒரு இடம் குடுங்க, அங்க தோண்டிட்டுப் போகட்டும். ஒரு பெட்டி, நல்ல மண்ணு, கொஞ்சம் வைக்கோல், பழைய பேப்பர். சரி, தினம் எத்தனை மணி நேரம் வெளிய விடறீங்க?”

“வெளியவா? அப்ப கூண்டு எதுக்கு?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அத்தான் தன்னிடம் இருந்த ஒரே ஆயுதமான நோட்டை நீட்டினார். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

“ஏழு மணிக்கு இருக்கறதெல்லாம் உங்களோட விளையாட்டு. நீங்க அடுக்குவீங்க, அது கலைக்கும். அதுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா மத்ததெல்லாம் நாலரைக்கே இருக்கே? ஒரு நாள்கூடத் தப்பல. எல்லாம் ஒரே இடம், கதவுப் பக்க மூலை. நாலரைக்கு வீட்ல என்ன நடக்கும்?”

“ஒண்ணும் நடக்காது டாக்டர்.”

என் கைப்பட எழுதியவை அவை. ‘4.30, கதவு மூலை’ என்று பத்துத் தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. அப்போதுதான் சுரீர் என்றது.

“இப்ப நடக்காது. முன்னாடி நடக்கும்” என்றேன். “ஸ்கூல் விட்டு அவ நாலரைக்குத்தான் வருவா அத்தான். ஷூ ஒரு பக்கம் போகும், பை ஒரு பக்கம் போகும். முதல் வேலையா கூண்டைத் திறந்து விட்டுருவா. ரெண்டு மணி நேரம் இது வீடு பூரா ஓடும். நீங்க வர்றதுக்குள்ள புடிச்சு உள்ள போட்டுருவா.”

அத்தான் நோட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். ஆட்டோவில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது சொன்னார்.

“பன்னண்டு வருஷம் ஸ்கூலுக்குப் போனா. அவ வீட்டுக்கு வர்றத நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்லம்மா.”

நான் நோட்டைப் பிரித்து அந்தப் பத்து வரியையும் மறுபடி படித்தேன்.

திங்கட்கிழமை அவர் ஆபீசில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். காலை ஏழரைக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்ப அனுமதி வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘வீட்டில் தோண்டும் பணி மேற்பார்வை’ என்று எழுதியிருக்கிறார். மேலதிகாரி, பாவம், வீட்டில் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாராம்.

அப்புறம் மண். பூச்சி மருந்து படாத, கண்ணாடித் துண்டு இல்லாத, சுத்தமான மண் வேண்டும் என்று ஒரு ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். இத்தனை வருடமாக இவரிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர் அவர். போனில் அவர் சந்தோஷம் எனக்கே கேட்டது.

“எந்தத் தெரு மண்ணு சார் வேணும்? எவ்வளவு ஆழம்? எத்தனை நாளைக்கு? எப்ப சார் மூடுவீங்க?”

“மூடப் போறதில்லப்பா” என்றார் அத்தான், மெல்லிய குரலில்.

சலித்த மண் இரண்டு மூட்டை வந்தது. பழைய மரப்பெட்டி ஒன்றில் கொட்டி, சத்தம் கீழே போகாமல் இருக்க அடியில் கெட்டியான மெத்தை விரிப்பு போட்டார். தகரம் குப்பைக்குப் போனது. நாலரைக்குக் கூண்டுக் கதவைத் திறந்தார். சீமாட்டி மூக்கை ஆட்டிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். பெட்டியை ஒரு சுற்று சுற்றினாள். உள்ளே குதித்தாள். அடுத்த நிமிஷம் அத்தானின் வெள்ளைச் சட்டை முழுக்க மண். துடைக்கக்கூடத் தோன்றாமல் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கெடு முடிந்த அன்று வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். “சத்தமே இல்லையே, குடுத்துட்டீங்களா?” என்று எட்டிப் பார்த்தார். சீமாட்டி அவர் சட்டைப் பைக்குள்ளேயே ஒரு பிடி மண்ணை அனுப்பி வைத்தாள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். வீடு காலி செய்கிற பேச்சே எழவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் மகள் வந்தாள். பஸ் வந்து சேரும் நேரம் அத்தானுக்குத் தெரியும் என்றாலும் நாலு மணி பத்து நிமிஷத்திலிருந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நாலரைக்குக் கதவு திறந்தது. ஷூ ஒரு பக்கம் போயிற்று, பை ஒரு பக்கம் போயிற்று. கூண்டுப் பக்கம் குனிந்தவள், அது திறந்து கிடப்பதையும், தரையெல்லாம் மண்ணாக இருப்பதையும், அதன் நடுவே அப்பா நிற்பதையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“அப்பா? இன்னைக்கு ஆபீஸ் இல்லையா?”

“இருந்துது. வந்துட்டேன்.”

“எதுக்கு?”

“நீ வர்றத பாக்கத்தான்.”

அவள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். சீமாட்டி இருவர் காலிலும் மண்ணை வாரி இறைத்தாள். எனக்குக் கண் கலங்கியதை மறைக்க நோட்டை எடுத்து அன்றைய வரியை எழுத ஆரம்பித்தேன். நேரம் 4.30, இடம் பெட்டி. மூடிய விவரம் என்ற கட்டத்துக்கு வந்ததும், அவரிடமே நீட்டி, “அத்தான், உங்க வரியை எழுதி பைலை முடிச்சிடுங்க” என்றேன்.

ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தச் சின்னக் கட்டத்தில் நெருக்கி நெருக்கி எழுதினார். ‘பழைய நிலைக்குக் கொண்டுவரப்படவில்லை. கொண்டுவர வேண்டியதும் இல்லை.’ கீழே கையெழுத்துப் போட்டார்.