வராத பெண்ணுக்குச் சொன்ன மறுப்பு

வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இருக்கிறதே, அந்தக் கொடுமையை வாத்தியார் வேலை பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். மயிலாப்பூரில் ஒரு கல்லூரியின் மாலை நேரப் பிரிவில் நான் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டால் போதும், அறுபது பேரும் செருப்பைத் தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொள்வார்கள். "ஏம்ப்பா, உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கத்துவேன். அதற்கும் பதில் வராது.

இத்தனைக்கும் வெளியே வராந்தாவில் அவர்கள் போடும் சத்தத்தில் காது கிழியும். உள்ளே வந்தால் மட்டும் என்ன கேடு என்று கொஞ்ச நாள் புரியவில்லை. பிறகு கண்டுபிடித்தேன். யாராவது பாவம் துணிந்து எழுந்து வாயைத் திறந்தால், கடைசி பெஞ்சிலிருந்து "ஓஓஓ" என்று ஒரு ஊளை கிளம்பும். எழுந்தவள் முகம் சிவந்து உட்கார்ந்துவிடுவாள். அதோடு, பதிலை இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்ற பயம் வேறு. அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். எழுந்து நிற்க வேண்டாம், தமிழிலேயே பேசலாம், ஊளை விடுகிறவருக்கு அடுத்த கேள்வி. மெதுவாக, மிக மெதுவாக, நாலைந்து பேர் பேச ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் துறைத் தலைவர், எச்.ஓ.டி., என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நான் கௌரவ விரிவுரையாளர். பேரில்தான் கௌரவம். ஒவ்வொரு செமஸ்டர் முடியும்போதும் அடுத்ததற்கு ஆர்டர் வருமா வராதா என்று ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வருஷம் அந்த ஆர்டர் கட்டாயம் வந்தாக வேண்டும். பெருங்குடியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்ததில் அவரும் போய், மாசக் கணக்கில் வீட்டில்தான் இருந்தார். ஆதம்பாக்கத்து வாடகை முதல் மகனின் ஸ்கூல் வேன் வரை எல்லாம் என் தலையில்.

"வெளியிலேர்ந்து ஒரு குழு வர்றாங்க மேடம். உங்க கிளாஸ்ல வந்து உக்காருவாங்க. பசங்க கலந்து பேசறாங்களான்னு பாப்பாங்க" என்றார் எச்.ஓ.டி. "பசங்க பேசணும். பேசலைன்னா, அடுத்த செமஸ்டரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

நிரந்தர வேலையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் எப்படியோ நழுவிவிட்டார்கள். இளிச்சவாய் நான்தானே கிடைத்தேன்!

வகுப்பில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். 'படிக்கும்போதே வேலைக்குப் போகலாமா' என்று தலைப்பும் கொடுத்தேன். பாதிப் பேர் ஏதாவது வேலைக்குப் போகிறவர்கள்தான், இதைப் பற்றியாவது பேசுவார்கள் என்ற நப்பாசை. கடைசி பெஞ்சில் நொச்சிக்குப்பத்துப் பையன் ஒருவன் உண்டு, ஊளைக்கெல்லாம் அவன்தான் தலைவன். அவன் சொன்னான், "டென்சன் ஆவாதீங்க மேம். நாங்க பாத்துக்கறோம்." அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு டென்ஷன் அதிகமானது.

குழு வந்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேளச்சேரியில் ரயில் ஏறியவள், திருமயிலையில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். வகுப்பில் பின்னால் மூன்று நாற்காலி. எச்.ஓ.டி., வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

தலைப்பைச் சொல்லி முடிக்கவில்லை, ஒரு பெண் எழுந்தாள். எழுந்திருக்க வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. "முதலாவதாக, பணியாற்றிக்கொண்டே பயில்வதால் தன்னம்பிக்கை வளர்கிறது" என்று மூச்சு விடாமல் பேசினாள். அடுத்து ஒருவன் எழுந்தான். "இரண்டாவதாக" என்றான். எனக்குப் பகீரென்றது. என் பிள்ளைகள் இந்தத் தமிழில் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்சு முழுவதையும் வாட்ஸ்அப் குரூப்பில் பங்கு போட்டு ஆளுக்கொரு பத்தியாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். கலந்துரையாடலை மனப்பாடம் செய்கிற கூத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

அப்புறம் ஒரு அமைதி. யாரோ பேச வேண்டிய இடம், யாரும் பேசவில்லை. எல்லாரும் நடுவரிசையில் காலியாக இருந்த ஒரு இடத்தையே பார்த்தார்கள். கடைசியில் பொறுக்க முடியாமல் நொச்சிக்குப்பத்துப் பையன் விறைப்பாக எழுந்து நின்றான்.

"தோழி கூறிய கருத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்!"

அவனுக்கு முன்னால் பேசியவன் ஒரு பையன், மறுக்கும்படி எந்தத் தோழியும் எதையும் கூறவில்லை. கண்ணாடி போட்ட அம்மாள் நிமிர்ந்தார். "யார் சொன்னதைத் தம்பி மறுக்கறீங்க?"

அவன் முழித்தான். என்னைப் பார்த்தான். "வராதவ சொன்னத மேடம்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு, இன்று வீட்டுக்குப் போய் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டிருந்தார். "அவங்க ஏன் வரல?" என்று கேட்டார்.

மனப்பாடம் தீர்ந்துபோன பையன் இப்போது தன் வாயால் பேசினான். "தி.நகர்ல துணிக்கடைக்குப் போய்க்கினு கீறா மேடம். தீவாளி டைமு. லீவு கேட்டா வேலைய உட்டே தூக்கிடுவாங்க. படிக்கறப்போ வேலைக்குப் போவக் கூடாதுன்னு பேச வேண்டியவளே அவதான்."

"அவ போகாட்டி வீட்ல அடுப்பு எரியாது. கூடாதுன்னு எப்படிறா சொல்லுவா?" என்று முன் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்தபடியே திரும்பிக் கேட்டாள். செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்காதவள் அவள்.

"அதுக்குன்னு பாதி நாளு அங்கயே நின்னா அட்டென்டன்ஸ் யாரு குடுப்பா?"

"அட்டென்டன்ஸ்தான் இன்னா, கடவுளா? மாலை காலேஜ்னு பேரு வச்சிட்டு வேலைக்குப் போறவங்களுக்கே எக்ஸாம் இல்லன்னா எப்படி?"

பற்றிக்கொண்டது. ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்தார்கள், கோபப்பட்டார்கள், ஒருத்தி "நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றுகூடச் சொன்னாள். நான் ஒன்றுமே செய்யவில்லை. கரும்பலகையில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வகுப்பில் நின்றதே கிடையாது. அதே சமயம் கண் பின்னால் இருந்த நாற்காலிக்கே போய்க்கொண்டிருந்தது, ஏனென்றால் எச்.ஓ.டி. சிரிக்கவில்லை. வருகை குறைந்த நாலைந்து பிள்ளைகளுக்கு, உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்ததை நம்பி, பரீட்சை எழுத அனுமதி கொடுத்திருந்தார் அவர். துணிக்கடைக்குப் போயிருந்த பெண்ணும் அதில் ஒருத்தி. அது எனக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். பேச்சு சுவாரசியத்தில் அத்தனை பேரும் அதை மறந்துவிட்டார்கள்.

நல்லவேளையாக ஒருவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை, சர்டிபிகேட் கொடுத்தவர்களில் இன்னும் இரண்டு பெண்களும் அன்று வரவில்லை. அவ, அவ என்றே பேசி முடித்தார்கள்.

குழு போன பிறகு எச்.ஓ.டி. என்னை உட்காரச் சொன்னார். வந்தவர்களுக்கு ரொம்பத் திருப்தியாம். "இந்த மாதிரி கிளாஸ் பாத்ததில்லைன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போனாங்க. உங்க ஆர்டரை ரெடி பண்ணச் சொல்லிட்டேன்" என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அவர் கேட்டார். "அந்தப் பொண்ணு யாரு?"

"கேட்டுச் சொல்றேன் சார்" என்று உளறிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அவரே வகுப்புக்கு வந்தார். "நேத்து ஒரு பொண்ணைப் பத்திப் பேசினீங்களே, யாரு அது?" அறுபது தலையும் குனிந்தது. அவள் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்துப் பெண் அவள் கையைப் பெஞ்சுக்கு அடியில் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"பசங்க சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லலாமே மேடம். பொய் சர்டிபிகேட் கொடுத்தவளைப் பரீட்சை எழுத விட்டா நாளைக்கு எல்லாரும் கொடுப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வீடு, வாடகை, வேலை தேடி அலுத்த என் வீட்டுக்காரரின் முகம், எல்லாம் கண் முன்னால் வந்தது. ஒரு பெயர். சொன்னால் தீர்ந்தது.

"பேசுங்க பேசுங்கன்னு நான்தான் சார் உசுரை வாங்கினேன். என்னை நம்பித்தான் பேசினாங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அவர் கத்தவில்லை. "உங்க இஷ்டம்" என்றார், அவ்வளவுதான்.

அவள் பரீட்சை எழுதினாள். எனக்கு ஆர்டர் வரவில்லை. போன் செய்தால், பார்க்கலாம் மேடம், பார்க்கலாம் மேடம் என்றார்கள். பிறகு எடுப்பதையும் விட்டுவிட்டார்கள். நங்கநல்லூரில் ஒரு ட்யூஷன் சென்டரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே பேச நேரமே கிடையாது, வந்ததும் டெஸ்ட்தான்.

பொங்கலுக்கு மகனுக்குச் சட்டை எடுக்கத் தி.நகர் போயிருந்தேன். கூட்டத்தில் பிதுங்கி மூன்றாவது மாடிக்குப் போனால், "மேம்!" என்று ஒரு சத்தம். அவள்தான். கடைச் சீருடைப் புடவையில், கையில் அடுக்கிய சட்டைகளோடு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நலம் விசாரித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாங்க ஓவரா பேசிட்டோம்னுதான் உங்கள எடுத்துட்டாங்களாமே மேம்? கிளாஸ்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. இப்போ புதுசா ஒரு மேம் வர்றாங்க. நல்லவங்க, சின்ன வயசு. அவங்களும் உங்கள மாதிரியே பேசுங்க பேசுங்கன்னு கெஞ்சறாங்க. நாங்க ஒருத்தர்கூட வாயத் தொறக்கறதில்ல மேம். பாவம், அவங்களுக்கும் வேல போயிடக் கூடாதுல்ல?"

 உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பாரத்தை எடுத்து இவள் ஒருத்தி தலையில் வைத்த மாதிரி ஆகும்.

"யாருடி சொன்னது அப்படி? வீட்டுப் பக்கத்துலயே நல்ல வேலை கெடைச்சுது, நானாத்தான் வந்துட்டேன்" என்றேன். "போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

"நெஜமாவா மேம்?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ பேசலாமா?"

"நல்லாப் பேசுங்க" என்றேன். "ஆனா எவளாவது வரலைன்னா, எங்க போயிருக்கான்னு மட்டும் சொல்லித் தொலைக்காதீங்க."