போர்ட் பிளேரிலிருந்து இரண்டே கால் மணி நேரம்

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பொன்னேரி சந்தையில் மீன் கூடையோடு உட்கார்ந்தாலும் விலையை ஒரு தரம்தான் சொல்வேன். அப்படிப்பட்டவள் கோட்டைக்குப்பத்தில் ஆண்கள் கூடிய இடத்தில் வாய் திறந்தேன்.

பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. பாடு என்போம். வருஷத்துக்கு ஒரு தரம் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பங்குள்ள ஆண் நேரில் வந்து எடுக்க வேண்டும். வராதவனுக்கு அந்த வருஷம் ஏரி இல்லை. ஒரு பங்கு குறைந்தால் மற்றவர்களுக்கு நாள் கூடும்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் போர்ட் பிளேரில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குச் சீட்டு என்று முதல் நாள் பொழுது சாயும்போதுதான் சொன்னார்கள். போன் போட்டேன்.

"போவட்டும் வுடு, அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்றார்.

நான் விடவில்லை. காலையில் போய் ஓரமாக நின்றேன். ஊர்த் தலைவர் எங்கள் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை.

"அவன் எங்கம்மா?"

"போர்ட் பிளேர்ல கீறாரு, மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் இருந்த என் கொழுந்தனார் போனை உயர்த்திக் காட்டினார். "சென்னைக்கு ரெண்டே கால் மணி நேரம்னு போட்டுக்கீது. நேத்தே சொல்லியாச்சு. இன்னா, ஏரோப்ளேன் ஏற பயமா அண்ணனுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆண்கள் படகில் கால் வைத்ததிலிருந்து இறங்குகிற வரைக்கும்தான் பயணம் என்று கணக்கு வைப்பார்கள். காற்றுக்காகக் கரையில் காத்துக் கிடப்பதும் மணலில் நடப்பதும் அதில் சேராது. விமானத்தையும் அப்படியே எண்ணிவிட்டார்கள். நான் மீன் விற்கிறவள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் என் கூடையில் ஐஸ் உருகிக்கொண்டுதான் இருக்கும்.

"மாமா, நான் சொல்றேன், எண்ணிக்கோங்க" என்றேன். "நீங்க சொன்னப்போ அன்னிக்கு ப்ளேனெல்லாம் போயிடுச்சு. காலைல ஏழரைக்கு ஏறணும்னா அஞ்சு மணிக்கே வூட்ட வுடணும். மீனம்பாக்கத்துல எறங்க ஒம்போதே முக்கால். பெட்டி வர அரை மணி. ரயிலு புடிச்சு சென்ட்ரலு, அங்கேர்ந்து பொன்னேரி, அப்பால பழவேற்காடு பஸ்ஸு. டச்சுக்காரன் கல்லறைகிட்ட எறங்குனா மணி ரெண்டு. உங்க சீட்டு பத்து மணிக்கு. ரெண்டே கால் மணி நேரத்துல வர்றதுக்கு அவரு இன்னா, ஏரிக்கு நடுவுலயா குதிப்பாரு?"

"கணக்கு டீச்சரம்மா வந்துட்டாங்கோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதெல்லாம் சரிதாம்மா. பொம்பள சீட்டு எடுத்து வழக்கமில்ல" என்றார் தலைவர்.

"வரவே முடியாத நேரத்துல சீட்டு வெக்கறதும் வழக்கமில்ல, மாமா."

அவர் கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனார் போனைப் பார்த்தார். எடு என்று யாரும் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியிலேயே போய்ச் சீட்டுச் சட்டிக்குள் கையை விட்டேன். வந்தது சுமாரான இடம்தான். தலைவர் வாங்கிப் படித்து எங்கள் வீட்டுப் பெயரை எழுதச் சொன்னார்.

அடுத்த வருஷம் சீட்டு அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஊரில்தான் இருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை இருக்கச் சொல்லிவிட்டு நான்தான் போனேன்.