கடைசி வண்டிக்குக் கொடுத்த கொடி

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். திருக்கழுக்குன்றத்தில் இருந்து மாமல்லபுரத்தில் உள்ள என் ஆபீசுக்கு ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு சிறுபாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிச் சாலையில் ஆளை விழுங்கும் பள்ளம். மீதிப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிகள் மட்டும்தான் போகலாம். நடுவில் வளைவு இருந்ததால் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. போன் சிக்னலும் அங்கே சரியாகக் கிடைக்காது.

அதனால் வேலைக்காரர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்து வண்டிகளை விட்டு முடித்ததும், கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்துவிடுவார்கள். அது மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம். அப்புறம்தான் எதிர்ப்பக்க வண்டிகளை விடுவார்கள்.

அன்று கடைசியாகச் சிக்கியது நான். "மேடம், நீங்கதான் கடைசி வண்டி. இத்த அந்தாண்ட நிக்கிற அக்காகிட்ட குட்த்துடுங்க" என்று கொடியை நீட்டினார் அங்கே நின்றவர். எனக்கோ, காத்துக்கிடந்த கடுப்பு. ஆபீசில் கைரேகை வைக்கும் நேரம் வேறு நெருங்கிவிட்டது. வெடுக்கென்று வாங்கி ஸ்கூட்டியில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சேற்றில் ஊர்ந்துகொண்டிருந்தது. கடற்கரை ஓட்டல்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. எனக்கா பொறுமை? ஹாரன் அடித்து, பள்ளத்தின் ஓரமாகவே நுழைந்து ஆட்டோவை முந்தினேன். "பாத்தும்மா, பள்ளம் கீது!" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுமுனையில் ஒளிரும் மேல்சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றார். என் வயதுதான் இருக்கும். கொடியை வாங்கியபடி, "பின்னாடி வேற வண்டி வருதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, நான்தான் கடைசி" என்றேன். எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. அவர் கையை அசைத்ததும் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று உள்ளே நுழைந்தது.

நாலு வண்டி தூரம் போயிருப்பேன். நெஞ்சில் சுருக்கென்றது. ஆட்டோ!

ஸ்கூட்டியை அப்படியே போட்டுவிட்டு, "உள்ள ஆட்டோ வருது, லாரியை நிறுத்துங்க!" என்று அலறிக்கொண்டே திரும்பி ஓடினேன். அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டே லாரியின் பின்னால் பறந்தார். அடுத்து நின்ற பஸ்ஸின் டிரைவர் விஷயம் புரிந்து ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்தப் பெண் எட்டிப் பிடித்துக் கதவில் ஓங்கி அறைந்த பிறகுதான் லாரி நின்றது. அதே நேரம் வளைவில் ஆட்டோ மூக்கை நீட்டியது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடம்தான் இருந்தது.

லாரி பின்வாங்கி வழிவிட, ஆட்டோ மெல்ல வெளியே வந்தது. குழந்தை அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஆபீஸ் இன்னா, ஓடியா பூடும்?" என்று ஆட்டோவில் இருந்த ஒரு பெண் கேட்டார்.

அந்தக் கொடிக்காரப் பெண் என்னை அறைவார் என்றே நினைத்தேன். அவரோ மணல் மூட்டை மேல் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "கொடி வாங்கினவங்க யாரையும் தாண்டி வரக் கூடாதும்மா. எதுனா ஆயிருந்தா, லாரிய வுட்டது நான்தானே? காலத்துக்கும் நான் எப்படிம்மா தூங்குவேன்?" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்குள் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

இப்போதும் யாராவது என்னிடம் "எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டால், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். இந்தப் பழக்கம் எனக்கு வருவதற்காக யார் வீட்டிலும் இழவு விழவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், நிம்மதியாக ஒரு பெருமூச்சு விடுகிறேன்.