மொட்டைகளின் ஊரில் ஒரு பின்னல்

எழுபதுகளின் நடுவில், ஒரு மாம்பழக் காலம். அப்போது நான் சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கிறிஸ்தவ மிஷன் சபையைச் சேர்ந்தது. ஆகவே திருப்பதிக்கு அத்தனை பக்கத்தில் பிறந்து வளர்ந்தும், அந்த ஊரில் பஸ் மாறியதைத் தவிர நான் வேறு எதுவும் செய்ததில்லை. உலகமே மலைக்குப் போகிறது, மலைக்குக் கீழே இருக்கும் ஊரை யார்தான் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் தோன்றியது. அதன் இட்லியையும் கடைத்தெருவையும் பார்ப்பதற்கென்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். காரணம் ‘சொந்த வேலை’ என்று எழுதியிருந்தேன். அரசாங்கத்தில் பொய்யில்லாமல் எழுத முடிகிற ஒரே காரணம் அதுதான்.

ரயிலடிக்கு எதிரே ஒரு சத்திரம். அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. இட்லியின் மேல் காரப்பொடியைத் தூவி, நெய்யைத் தாராளமாக ஊற்றினார்கள். சுற்றிலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். பணக்காரனா, ஏழையா, வாத்தியாரா, வியாபாரியா என்று எந்தத் தலையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆளைப் பார்த்தவுடன் எந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று தீர்மானித்துப் பழகிய எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். புது மொட்டை, மீசையும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களின் முதுகை ஒவ்வொன்றாக எட்டி எட்டிப் பார்த்தார். கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏமய்யா, ஆடவாள்ளனி அட்லா சூஸ்தாவேமி?” என்று தெலுங்கில் அதட்டினார். பெண்களை ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்கிறார்.

வந்தவர் தமிழில் பதில் சொன்னார். “மூஞ்சிய யாரு பாத்தா சாமி? முடியத்தான் பாத்துக்கினு கீறேன். என் பொண்டாட்டியக் காணோம்.”

இட்லியை முடித்துவிட்டு அவரை ஓரமாக அழைத்து விசாரித்தேன். தமிழ் பேசும் எல்லையோரக் குடுபல்லிப் பக்கத்து விவசாயி. முந்தின நாள் ஊர்க்காரர்களோடு மலைக்குப் போனவர்கள். இவர் மொட்டை போட்டுக்கொள்ள ஆண்கள் வரிசைக்குப் போக, மனைவி பெண்கள் பக்கம் போயிருக்கிறார். அவருக்குப் ‘பூ முடி’ மட்டும்தான். அதாவது கத்தரியால் மூன்று நறுக்கு நறுக்கி, அந்த நுனி முடியைச் சாமிக்குக் கொடுப்பது. கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள். யார் வழி தவறினாலும் கீழே சத்திரத்து வாசலில் காத்திருப்பது என்பது ஏற்பாடு. காலையிலிருந்து காத்திருக்கிறார், மனைவி வரவில்லை.

“தெலுங்கு ஒரு வார்த்த தெரியாது சாரு அவுளுக்கு. ஒண்டியா எங்கயும் போனவ இல்ல. சாயந்திரம் ஊரு சனமெல்லாம் பஸ் ஏறிடும். நா இன்னா பண்றது?” என்றார்.

காணாமல் போனவரைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருப்பவன். கடைசியாகப் பார்த்த இடம், உடுத்தியிருந்த உடை, அங்க அடையாளம், இந்த வரிசையில் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் போலீஸ். சத்திரத்திலிருந்து கீழே ஊருக்குள் இருக்கும் கோயில் வரைக்கும் உள்ள கடைகளில் ஒன்று விடாமல் கேட்பது என்று முடிவு செய்தேன். எப்படியும் நான் பார்க்க வந்த கடைத்தெருதான். ஒரே நடையில் இரண்டு வேலை.

முதலில் செம்மரப் பொம்மைக் கடை. ராஜாவும் ராணியும் ஜோடி ஜோடியாகச் சிவப்பாக நின்றார்கள். நான் அவற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என் சொல்படி அடையாளம் சொன்னார். “பச்சச் சீல. மாநெறம். முடி இடுப்பு வரைக்கும் தொங்கும்.” நான் தெலுங்கில் எடுத்துச் சொன்னேன். பொம்மைக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்தது தாண்ட்ரா கடை. மாம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்து, அதன்மேல் மறுபடி ஊற்றி, அடுக்கடுக்காக உலர்த்தி வில்லை போடுவார்கள். கடைக்கார அம்மாள் ஆளுக்கொரு துண்டு தின்னக் கொடுத்தார். புளிப்பும் இனிப்புமாக நாக்கிலேயே நின்றது. விவசாயி தன் துண்டை வாயில் போடாமல் மேல்துண்டின் முனையில் முடிந்துகொண்டார். இந்தத் தடவை அவர் சொன்ன அடையாளத்தில் முடி முழங்கால் வரைக்கும் வந்திருந்தது.

பித்தளைப் பாத்திரக் கடையில், “உக்காந்தான்னா தரையில பொரளும் சாரு” என்றார். அடையாளம் கடைக்குக் கடை வளர்ந்தது. அங்க அடையாளத்தில் மிகை கூடாது என்று நான் கண்டித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. “எங்க ஊருல அவள இன்னாரு பொண்டாட்டின்னு சொல்லமாட்டாங்க. ஜடக்காரின்னுதான் சொல்லுவாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப நா மூஞ்சியவே பாக்கல, ஜடயத்தான் பாத்தேன்” என்று பாத்திரக் கடைக்காரரிடம் தமிழிலேயே கதை சொல்லத் தொடங்கிவிட்டார்.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்ட ஒரு பெண், நாங்கள் பொம்மைக் கடையில் நின்றபோது எதிர்க் கடையில் நின்றார். தாண்ட்ரா கடையிலும் நாலு அடி தள்ளி நின்றார். இப்போது பாத்திரக் கடைத் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். எதையும் வாங்கவில்லை, எங்களையே பார்க்கிறார். யாத்திரைத் தலங்களில் ஜேப்படி நடக்கும் விதம் பற்றி எனக்கு நல்ல படிப்பறிவு உண்டு. பர்ஸைச் சட்டையின் உள் பைக்கு மாற்றினேன்.

அடுத்து வளையல் கடை. அவர் உள்ளே நுழைந்ததும் நான் சட்டென்று திரும்பி அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றேன். “யாரம்மா நீ? எதற்கு எங்கள் பின்னாலேயே வருகிறாய்?” என்று அலுவலகக் குரலில் கேட்டேன்.

அவர் பதறிப்போய், “கத்தாத நைனா, ஒனக்குப் புண்ணியமா போவும். அது என் வூட்டுக்காரு” என்றார்.

முக்காட்டைக் கொஞ்சம் விலக்கினார். உள்ளே சந்தனம் பூசிய மொட்டைத் தலை. உடுத்தியிருந்தது பச்சைச் சேலைதான். நான் கேட்டு வைத்திருந்த அடையாளங்களில் மிச்சமிருந்த ஒன்று. ஆனால் நீண்ட முடியையே தேடிக்கொண்டிருந்ததால், சேலையை நானும் கவனிக்கவில்லை.

“போன வருசம் அவுரு காய்ச்சல்ல கெடந்தப்ப முழு முடியும் தரேன்னு வேண்டிக்கினேன். அவுருகிட்ட சொன்னா உடமாட்டாரு. பூ முடின்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன். காலைல சத்திரத்து வாசல்லதான் குந்திக்கினு இருந்தேன். ரெண்டு தபா என்னத் தாண்டிக்கினு போனாரு. கூப்புட வாயே வரல.”

“அவர் தவித்துப் போயிருக்கிறாரே அம்மா, இப்போதாவது கிட்டே வரக்கூடாதா?”

“கிட்ட வந்தா கடைக்குக் கடை என் முடியத்தான் பேசிக்கினு கீறாரு. மொதல்ல இடுப்பு வரைக்கும் இருந்திச்சி, இப்ப தரைக்கு வந்துட்சி. நீ அவுர அடுத்த கடைக்கு இட்டுக்கினு போயிக்கினே கீற. இந்தத் தலய வெச்சிக்கினு நா எப்பிடி நைனா வந்து நிக்கிறது?” என்றார். உடனே, “அவுரு எதாவது துன்னாரா?” என்று கேட்டார்.

இதற்கு என்னிடம் முறை எதுவும் இல்லை. அவரைக் கடை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். விவசாயி வளையல்காரரிடம் அடையாளத்தைத் தொடங்கியிருந்தார்.

“பெரியவரே, முடியை விடுங்கள். வேறு ஏதாவது அடையாளம் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் திகைத்துப் போனார். “வேறன்னா?” என்று யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நா துன்னாம அவ துன்னமாட்டா. காய்ச்சல்ல கெடந்தப்ப ஊரே என்ன உட்டுட்சி. அவ மட்டும் தலமாட்டுலயே குந்திக்கினு இருந்தா. கண்ணத் தொறந்தா அவ வாய்தான் தெரியும். இன்னாத்தையோ வேண்டிக்கினு முணுமுணுத்துக்கினே…”

அதோடு நின்றுவிட்டார். தானே சொன்னது தன் காதில் விழுந்தது போலிருந்தது. வாசல் பக்கம் திரும்பினார். பச்சைச் சேலை நின்றுகொண்டிருந்தது. முக்காடு தோளில் கிடந்தது.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் கிட்டே போய் மனைவியின் தலையை முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்தார்.

“ஒங் காது இவ்ளோ பெருசா?” என்றார். “இத்தினி வருசமா முடிக்குள்ள ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தியா?”

“மீச போயி நீ மட்டும் இன்னா ராஜாவாட்டமா கீற? உரிச்ச வெங்காயம் மாதிரி கீற” என்றார் அந்த அம்மாள்.

வளையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். விவசாயியும் சிரித்தார். பிறகு துண்டின் முனையில் முடிந்திருந்த தாண்ட்ராவை அவிழ்த்தார். அதைப் பாதியாகப் பிய்த்து ஒரு பாதியை மனைவியின் கையில் வைத்துவிட்டு, “மொதல்ல துன்னு” என்றார். வெயில் சுடுகிறது என்று அதே துண்டை மனைவியின் தலையில் போட்டுவிட்டார்.

மறுபடி அந்த இட்லிக் கடைக்கே மூவரும் போனோம். காலையில் அதட்டிய கடைக்காரர் இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே நெய்யை இன்னொரு கரண்டி ஊற்றினார். அவர்கள் பஸ் ஏறும்வரை கூட இருந்தேன். நான் பார்க்க நினைத்த கடைகளில் பாதியைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் பல விசாரணைகள் நடத்தி, முறைப்படி ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றும் யாராவது வீட்டுக்கு வரவில்லை, பேசவில்லை என்று காதில் விழுந்தால், ஆள் எப்படி இருப்பார் என்று கேட்கத்தான் வாய் துடிக்கிறது. அதை அடக்கிக்கொண்டு, அவர் நாலடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் கிட்டே வரத் துணியும்படியாகவா நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கிறேன்.