கிழக்கே இருந்து வந்த காற்று

சுண்ணாம்புக்குளம் ஊரைத் தாண்டும்போதே பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் சூடாகிவிட்டது. அதுவரை பிடரியில் சில்லென்று இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் தெர்மாகோல் பெட்டி. உள்ளே இறால், மேலும் கீழும் இடித்துப் போட்ட ஐஸ். வேகமாக நடந்தால் பெட்டி குலுங்கி இன்னும் ஒழுகும். மெதுவாக நடந்தால் வெயில் தின்னும். ஐஸ் கரைவதற்குள் ஆரம்பாக்கம் போய் விற்க வேண்டும். இரண்டு நாளுக்கு முன் அடித்த காற்றில் மரமும் மின்கம்பியும் சாலையில் விழுந்து கிடந்ததால் பஸ் வரவில்லை. ஊரில் இருந்த இரண்டு பைக்கும் கரண்ட் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் போயிருந்தன.

இறால் என்னுடையது இல்லை. நான் கூலிக்குப் போன படகுக்காரரின் மனைவிக்குச் சேர வேண்டியது. அவரை நேற்று மாலை புதைத்தோம்.

செங்கல் சூளையிலும் லாரியிலும் கோழிப்பண்ணையிலும் இருந்துவிட்டு, பங்குனியில் இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வந்தேன். எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை. படகுக்காரர் என்னை வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், எட்டாவது வரை படித்தவன், போனில் வரும் செய்தியைப் படித்துச் சொல்வேன் என்பது. அந்தக் கோடையில் வந்ததெல்லாம் ஒரே செய்தி. வெப்பம் இயல்பை விட அதிகம். அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு. தினமும் படித்தேன். தினமும் மேற்கே மேகம் எழும்பி, கறுத்து, அங்கேயே நின்று கலைந்துபோனது.

அதற்கும் ஊரில் ஒரு கணக்கு இருந்தது. மதியத்துக்கு மேல் கிழக்கே கடலிலிருந்து காற்று வரும். அது வந்துவிட்டால் மேற்கு மேகத்தை இந்தப் பக்கம் விடாது. ஏரியில் இறங்குகிறவன் வானத்தைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தைக் கிழக்கே காட்டுவான். காற்று பட்டால் இறங்கலாம். அந்த வருடம் அந்தக் காற்று நேரத்துக்கு வரவில்லை. சில நாள் வரவே இல்லை. முகத்துவாரம் மணல் மூடிப்போய், கடல் தண்ணீரும் ஏரிக்குள் வரவில்லை. முழங்கால் ஆழத்தில் கால் வைத்தால் சுட்டது. செத்த மீன் வெள்ளையாக ஒதுங்கியது.

ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. உன் பாட்டு நாளில் நீ இறங்காவிட்டால் அது போனதுதான். எல்லா வீட்டையும் சுற்றி வந்த பிறகுதான் மறுபடி உன் வாசலுக்கு வரும். படகுக்காரருக்குப் போன பாட்டில் காய்ச்சல். அதற்கு முந்தின பாட்டில் வலை நிறைய விலைபோகாத சொறிமீன். ஆகவே இந்தப் பாட்டை விடுவதாக இல்லை.

அன்று காலையிலிருந்தே காற்று அசையவில்லை. வலை உலர்த்தும் கயிறு செத்த பாம்பு மாதிரி தொங்கியது. நான் செய்தியைப் படித்தேன். அக்கா, அவருடைய மனைவி, குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கு வோணாம்யா. மேக்கால பாரு, எப்டி கறுத்துனு கீதுன்னு."

"தெனமும் தான் அனுப்புறான். நேத்து வந்துச்சா? முந்தாநேத்து வந்துச்சா?"

"வரலன்னா வரவே வராதா?"

"இத்த உட்டா மறுபடி எப்போ வரும்னு உனுக்குத் தெரியாதா? இந்த வெய்யிலுக்கு ஒரு இடி வுழுந்தாலும் ஜில்லுனு தான்டி இருக்கும்."

அக்காவின் தம்பி பக்கத்துக் குப்பத்துக்காரன், உதவிக்கு வந்திருந்தான். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இருந்தாலும் அவர் உடனே இறங்கவில்லை. படகின் நிழலில் குந்தி உட்கார்ந்து கிழக்கே கன்னத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். மூன்று மணி வாக்கில் காற்று வந்தது. நல்ல காற்று, சட்டென்று வியர்வை குளிர்ந்தது. கயிறு ஆடியது. கரையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று சட்டையைத் தூக்கி வயிற்றுக்குக் காற்று வாங்கினார்கள்.

"வந்துட்சுடா" என்றார் அவர். "தள்ளு, தள்ளு."

அது கடல் காற்று இல்லை. மேற்கே நின்ற மேகம் தனக்காக இழுத்துக்கொண்ட காற்று. அடுப்பு எரியும்போது வாசல் வழியாகக் காற்று உள்ளே போகுமே, அப்படி. இதை எனக்குப் பிற்பாடு ஊரில் ஒரு பெரியவர் சொன்னார். அவரும் அன்று கரையில் நின்று சட்டையைத் தூக்கிக் காற்று வாங்கியவர்தான்.

மார்பளவு தண்ணீரில் நின்று அவர் வலை கட்டக் கழி ஊன்றிக்கொண்டிருந்தார். நானும் அக்காவின் தம்பியும் படகுக்குள் குனிந்து வலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். காற்று நின்றது. பிறகு மேற்கிலிருந்து திரும்பி அடித்தது, மண்ணும் சருகுமாக. "இன்னும் ரெண்டு கழிதான்" என்றார். வெளிச்சம்தான் எனக்கு நினைவிருக்கிறது, சத்தம் நினைவில்லை. காது அடைத்துப்போயிருந்தது. நிமிர்ந்தபோது கழி பிளந்து நின்றது, அவர் நிற்கவில்லை.

மழை பெய்து முடிந்ததும் ஊரில் கரண்ட் இல்லை. சாலை இல்லை. அவரை வைக்கக் குளிர்ப்பெட்டி வர வழியில்லை. மழை விட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் புழுக்கம் பழையபடி ஏறியது. விடியாமல் படகில் பழவேற்காட்டுக்கு எடுத்துப் போய் அங்கிருந்து போஸ்ட்மார்ட்டத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது என்றார்கள். வியாபாரிகளின் பெட்டிகளில் மீனுக்காக இருந்த ஐஸைக் கொட்டி, தார்ப்பாயில் பரப்பி, அதன்மேல் அவரைப் படுக்க வைத்தோம். பக்கவாட்டில் நான் கையால் அள்ளி வைத்தேன். கை பழகிய பழக்கம், கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு.

"மீனுக்கு வெக்கிறா மாரி வெக்காதீங்கடா" என்றார் அக்கா. அதன்பின் வேறு எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சாவு விழுந்தால் அடக்கம் முடியும் வரை ஒரு படகும் ஏரியில் இறங்காது. கட்டிய வலை இழுக்கப்படாமலே கிடந்து கிழிந்தது. அவருடைய பாடு அதோடு போனது. இனி வரும் பாடுகள் என்ன ஆகும் என்று அக்கா ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார். பாடு ஆண்கள் பெயரில்தான் வரும். அவருக்குப் பிள்ளை இல்லை, அக்காவின் தம்பியோ வேறு ஊர்க்காரன், நான் யாருமே இல்லை. "காரியம் முடியட்டும்மா, பாக்கலாம்" என்றார்கள்.

அடுத்த முறைக்காரர் அடக்கத்துக்கு மறுநாள் விடியலில் இறங்கினார். மழைத் தண்ணீர் கலந்ததில் அந்தக் கோடையில் யாரும் பார்க்காத இறால் வந்தது. முதல் இழுப்பை அப்படியே, பழவேற்காட்டிலிருந்து படகில் வந்த ஐஸோடு கொண்டுவந்து இறந்தவரின் வாசலில் வைத்துவிட்டுப் போனார். துக்க வீட்டில் அடுப்பு இல்லை. அக்கா அதை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நீ எப்டியும் போறவன்தானே" என்றார் என்னிடம். "எட்துனு போயி வித்து அனுப்பு. அவரு பாட்டுக்குன்னு வந்தது இது ஒண்ணுதான்."

ஆரம்பாக்கம் வந்தபோது பெட்டியில் ஐஸ் இல்லை, தண்ணீர் இருந்தது. வியாபாரி மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"தல கறுத்துட்ச்சேப்பா. நடந்தா வந்தே? இன்னா ஆளுய்யா நீ."

எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அவருக்குச் செய்தி தெரிந்திருந்தது. இரண்டாம் தரத்துக்கு எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரும் கொடுக்க முடியாது, அந்த இறாலை அவர் யாரிடம் விற்பார்? பணத்தை அக்காவின் தம்பிக்குப் போனில் அனுப்பினார். நான் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அக்கா போனை வாங்கினார்.

"எறா பெருசா இருந்துச்சாப்பா?"

"பெருசுக்கா."

"சொன்னாரு. இந்த தபா பெருசு படும்னு சொன்னாரு."

தலை கறுத்ததை நான் சொல்லவில்லை.

வியாபாரியின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. வெயில் கூடக்கூட அங்கே ஆள் போதவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சிலிருந்து ஐஸ் பாரைக் கழற்றி, கொக்கி போட்டு இழுத்து, இடிக்கும் எந்திரத்தில் தள்ள வேண்டும். வெறும் காலில் நின்றேன், கால் மரத்துப்போனது. போனில் செய்தி வந்தது, அதே செய்திதான். படித்துச் சொல்லும்படி அங்கே யாரும் கேட்கவில்லை.

முதலில் வந்து நின்றது ஒரு குட்டியானை வண்டி. ஓட்டிவந்தவன் இறங்காமலே கேட்டான்.

"நாலு பாரு. இடிக்க வோணாம், முழுசா குடு."

மீனுக்கு யாரும் முழுசாக வாங்க மாட்டார்கள். வண்டிக்குள் ஒரு தார்ப்பாயும் ரோஜா மாலையும் கிடந்தன. கொக்கியைப் போட்டு இழுத்தேன்.